ஒன்றேகால் ஜோடி சாக்ஸ்

ஜனவரி 12

அன்புள்ள பட்டாசு,

நீ போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். டாக்சி ஆபீஸில் போன் எடுப்பதுதான் என் பிழைப்பு. எதிர்ப்பக்கம் ஆள் இருந்துகொண்டே எடுக்காமல் இருப்பது எனக்குத் தெரியாதா? அதனால்தான் காகிதம். காகிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது. குரலை மாற்றிக்கொண்டு "அவங்க வெளியூர் போயிருக்காங்க" என்று சொல்லவும் முடியாது. போன வாரம் அப்படிச் சொன்னது நீதான்.

எங்கள் வீட்டுக் கதவை அறைந்துவிட்டு நீ போய் இன்றோடு மூன்று மாதம். போன வேகத்தில் என் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாய். பழுப்பு நிறம், பக்கத்தில் கொக்கி வைத்தது. உன் கறுப்புச் செருப்பு இங்கே என் ராட்டைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. நூல் நூற்கும்போதெல்லாம் அது என்னை முறைக்கிறது. "இனிமே இந்த வாசப்படிய மிதிச்சா என் பேரை மாத்திக்கிறேன்" என்று மாடிப்படி அதிரக் கத்தினாயே, மேல்வீட்டுக்காரர் இன்னும் என்னைப் பார்த்தால், "உங்க நாத்தனாருக்கு வேற பேர் வெச்சாச்சா?" என்கிறார்.

உன் அண்ணனின் நாற்பதாவது பிறந்தநாளுக்கு நீ பின்னிக் கொடுத்த பச்சை சாக்ஸை வெந்நீரில் போட்டுச் சுருக்கிவிட்டேன். தப்புதான். அன்றைக்கே மன்னிப்பும் கேட்டேன். ஆபீஸிலிருந்து வந்து தோளில் கிடந்த பையைக்கூட இறக்கவில்லை, அதற்குள் நீ பிடித்துக்கொண்டாய். நான் நின்றபடியே வாங்கிக் கட்டிக்கொண்டேன். போகட்டும்.

இப்போது விஷயம் வேறு. குளிர்க் கிடங்கில் உன் அண்ணனை உள் அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஐஸ்கிரீமும் பட்டாணியும் அடுக்கும் அறை, மைனஸ் பதினெட்டு. கடை சாக்ஸ் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டும் பயனில்லை. கால் விரலெல்லாம் சிவந்து வீங்கி, வீட்டுக்கு வந்ததும் அரிக்கிறது என்று தரையில் தேய்க்கிறார். பார்க்கச் சகிக்கவில்லை.

நல்ல கம்பளியாக வாங்கி, சிக்கெடுத்து, இரண்டு இழையாக முறுக்கி, இரண்டு சிட்டம் நூல் நூற்று வைத்திருக்கிறேன். பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம். நூற்பது எனக்குக் கைவந்த கலை, பின்னல் எனக்கு எட்டாத ஊர். அது உனக்குத் தெரியும். ஒரு ஜோடி பின்னிக் கொடு. என்மேல் உள்ள கோபத்தை என்னோடு வைத்துக்கொள், அவர் கால் என்ன பாவம் செய்தது?

நூல் பார்சலில் இருக்கிறது. அதன்மேல் சூடான டீ கிளாஸை வைத்துவிடாதே. ஆவி பட்டாலே கம்பளி கோபித்துக்கொள்ளும், உன்னைப்போல.

அண்ணி


ஜனவரி 19

அண்ணிக்கு,

நூல் வந்தது. என் அண்ணனுக்காகப் பின்னுகிறேன். உங்களுக்காக இல்லை. இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

பச்சை சாக்ஸுக்குப் பதினொரு வாரம் ஆனது. கண்ணாடிக் கடையில் பகலெல்லாம் மற்றவர்கள் மூக்குக்கு ஃபிரேம் பொருத்திவிட்டு, மாலையில் கண் எரிய எரிய உட்கார்ந்து, சுற்றுக்கு அறுபத்துநாலு கண்ணி, பக்கவாட்டில் கயிறு முறுக்கின மாதிரி டிசைன். இரண்டு தரம் முழுக்கப் பிரித்துப் போட்டேன். அதை நீங்கள் பொம்மைக்குப் போடும் அளவில், அட்டை மாதிரி விறைப்பாக என் கையில் கொடுத்தீர்கள். அழுதிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். மரம் மாதிரி நின்றீர்கள். அண்ணன் பாவம், ஓரமாக நின்று வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான்.

எனக்கு இருப்பது அந்த ஒரு வீடு. கடைக்கு மேலே என் அறையில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல். மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து உங்கள் வீட்டுக்கு வருவதற்காகத்தான் மற்ற இருபத்தொன்பது நாளையும் ஓட்டினேன். அதையும் வெந்நீரில் போட்டீர்கள். நான் சொன்ன சொல்லை மாற்றுகிறவள் இல்லை.

உங்கள் செருப்பு எனக்கு ஒரு சைஸ் பெரிது. வாத்து மாதிரி நடக்கிறேன். முதலாளி, "ஏம்மா, கால்ல ஏதாவது அடியா?" என்று கேட்டார். வேறு வாங்கலாம்தான். ஆனால் தப்பு செய்தது நீங்கள், செலவு நான் செய்வதா? என்னுடையதை அனுப்புங்கள், உங்களுடையது வரும்.

அண்ணன் காலைக் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்பவும். நிற்கவைத்து வரைய வேண்டும், உட்காரவைத்து அல்ல. பென்சிலைச் செங்குத்தாகப் பிடிக்கவும். இரண்டு காலும். ஒன்றை வரைந்துவிட்டு, "அதே மாதிரிதான் இதுவும்" என்று எழுதி அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் கணவரின் தங்கை


ஜனவரி 27

அன்புள்ள என் கணவரின் தங்கைக்கு,

அடேயப்பா! கோர்ட் நோட்டீஸ்கூட இதைவிட அன்பாக இருக்கும்.

கால் படம் வைத்திருக்கிறேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்தது. உள்ளங்காலில் பென்சில் பட்டால் உன் அண்ணனுக்குக் கூச்சம், நெளிகிறார். பீரோவைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன், பீரோவும் சேர்ந்து ஆடியது. வலது காலில் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் ஒரு மேடு தெரியும். அது விரல் இல்லை, அவர் குதித்த இடம்.

செருப்பைத் தபாலில் அனுப்ப மாட்டேன். போஸ்ட் ஆபீஸில் அந்த அம்மாள் "உள்ள என்ன இருக்கு?" என்று கேட்பார். "நாத்தனாருக்குச் செருப்பு" என்று நான் சொல்ல வேண்டுமா? ஊர் என்ன நினைக்கும்? வந்து எடுத்துக்கொள். வாசல்படியை மிதிக்கக் கூடாது என்றால் தாண்டி வா.

இரு, போன் அடிக்கிறது.

வந்துவிட்டேன். ரயில் நிலையத்துக்கு வண்டி வேண்டுமாம், ஆனால் எந்த ரயில் நிலையம் என்று அவருக்கே தெரியவில்லை. இப்போதெல்லாம் ஆபீஸுக்குத் தக்ளி கொண்டுவந்துவிடுகிறேன். ஒரு போனுக்கும் அடுத்த போனுக்கும் நடுவில் இரண்டு முழம் நூல் இறங்கும். டிரைவர்கள் முதலில் சிரித்தார்கள். இப்போது ஒரு டிரைவர் சும்மா இருக்கும் நேரத்தில் எனக்குக் கம்பளி சிக்கெடுத்துத் தருகிறார். சிகரெட்டை நிறுத்த இது உதவுகிறது என்கிறார்.

சாக்ஸ் முடிந்ததும் துவைக்க வேண்டும், கவனமாகக் கேள். தண்ணீர் குழாயில் வருகிற குளிர்ச்சியில் இருக்க வேண்டும். குளிர்காலம் என்று இரக்கப்பட்டு ஒரு செம்பு வெந்நீர் கலக்காதே. சோப்புத் தூள் கூடாது, குளிக்கிற சோப்பைக் கரைத்தால் போதும். முக்கி வை, கசக்காதே, பிழியாதே. துண்டில் சுருட்டி மிதி. வெயிலில் போடாதே, கொடியில் தொங்கவிடாதே, தரையில் துணி விரித்து, படுக்கவைத்து உலர்த்து. அலசுகிற தண்ணீரும் முதலில் ஊறவைத்த அதே குளிர்ச்சியில் இருக்க வேண்டும். ஒன்று சூடு, ஒன்று குளிர் என்று மாற்றினாலும் கம்பளி சுருங்கிவிடும். இது எனக்கு மனப்பாடம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

உன் அண்ணன் தினமும் வந்ததும், "எழுதினாளா? என்ன எழுதினா?" என்று கேட்கிறார். உன் கடிதத்தை நான் பிரித்தால் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்க்கிறார். வாழைப்பழம் என்ற இடத்தில் அவருக்குப் புரையேறிவிட்டது.

அண்ணி


பிப்ரவரி 10

அண்ணிக்கு,

இடது சாக்ஸ் முடிந்தது. உங்கள் நூல் நன்றாக இருக்கிறது. இதைச் சொல்லாமல் இருக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. ஒரு இடத்தில்கூடத் தடிப்போ மெலிவோ இல்லை. கடையில் லென்ஸ் தேய்ப்பவர் தன் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "இது மெஷின்ல நூத்ததுதானே?" என்றார். "எங்க அண்ணி கையால நூத்தது" என்று சொல்லிவிட்டேன். வாய் தவறி வந்துவிட்டது.

இப்போது ஒரு கேள்வி. நேரடியான பதில் வேண்டும்.

குதிகாலைத் திருப்பும் இடம் ரொம்ப நுணுக்கம். ஒரு கண்ணி விட்டாலும் மறுபடி முதலிலிருந்து. ஆனால் என் புத்தி அங்கே நிற்கவே இல்லை, உங்கள் ஜனவரி 27 கடிதத்திலேயே நின்றது. துவைப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்களே, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் என்று. டீ கிளாஸின் ஆவி பட்டால்கூடப் பதறுகிற ஒருத்தி, கொதிக்கிற பாத்திரத்தில் சாக்ஸைப் போட்டு, கரண்டியால் கிண்டினாளா? பாத்திரத்தில் கரண்டி கிடந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

இன்னொன்று. உங்கள் முதல் கடிதத்தில், ஆபீஸிலிருந்து வந்து பையைக்கூட இறக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான், எனக்கும் ஞாபகம் இருக்கிறது. பை தோளில் இருந்தது, குடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் கடைக்குப் போய்வந்தது முக்கால் மணி நேரம். அப்போது நீங்கள் வீட்டிலேயே இல்லை. அப்படியென்றால் அடுப்பைப் பற்றவைத்தது யார்?

வீட்டில் இருந்தது ஒரே ஆள். அவன் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான்.

பதில் வரும்வரை வலது சாக்ஸைத் தொட மாட்டேன். அவன் ஒற்றைக் காலில் ஐஸ்கிரீம் அடுக்கட்டும்.

அவன் தங்கை


பிப்ரவரி 14

பட்டாசு,

பிடித்துவிட்டாய். கண்ணாடிக் கடைக்காரியிடம் பொய் சொன்னது என் புத்திகெட்டதனம்.

உன் அண்ணன்தான். அந்தப் பச்சை சாக்ஸ் மேல் அவருக்கு அவ்வளவு ஆசை. மூன்று வாரம் கழற்றவே இல்லை, துவைக்கவும் இல்லை. நீ வந்ததும், "எங்கே, போட்டுக் காட்டு" என்று கேட்டாயே, அதற்குள் வாடையைப் போக்கிவிடலாம் என்று, நீ கடைக்குப் போன நேரம் பார்த்து, பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்து, சோப்புத் தூளை அள்ளிக் கொட்டி, சாக்ஸைப் போட்டுக் கிண்டியிருக்கிறார். உனக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று செய்ததுதான்.

நான் உள்ளே நுழைகிறேன், நீ படி ஏறிவருகிற சத்தம் பின்னாலேயே கேட்கிறது. அவர் முகம் வெளுத்துப்போய், "நீ செஞ்சதா சொல்லிடு. உன்மேல ரெண்டு நாள் கோபப்படுவா, சரியாயிடும். என்மேல கோபப்பட்டா அவ எங்கே போவா? அப்பா அம்மாவும் இல்ல, அவளுக்கு என்னை விட்டா யாரு இருக்கா?" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு அந்த நேரத்தில் வேறு யோசனை வரவில்லை, சரி என்று தலையாட்டிவிட்டேன். அதன்பிறகு கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே என்று அவர் வாழைப்பழத்தை எடுத்தார்.

இரண்டு நாள் என்றுதான் நானும் நினைத்தேன். நீ நாலு மாதம் இழுத்துவிட்டாய். நடுவில் எத்தனையோ முறை, "சொல்லிடுங்க" என்று அவரிடம் சண்டை போட்டேன். "அடுத்த வாரம்" என்பார். மழையில் நனைந்த பூனை மாதிரி ஒரு முகம் வைத்துக்கொள்வார், அத்தோடு என் வாய் அடங்கிவிடும்.

என் மனசில் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். நீ கத்தியது எனக்கு வலிக்கவில்லை. உனக்குப் பெயரே பட்டாசு, வெடிக்காமல் என்ன செய்வாய்? ஆனால் கம்பளியைக் கொண்டுபோய் வெந்நீரில் போட்டேன் என்றதும் உடனே நம்பிவிட்டாயே! பதினொரு வருடமாக என் கையைப் பார்த்திருக்கிறாய். ஆட்டு மயிரில் ஒட்டின முள்ளைக்கூட ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறவள் நான். "எங்க அண்ணி அப்படிச் செய்ய மாட்டா" என்று ஒரு நிமிடமாவது உனக்குத் தோன்றவில்லையே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் மரம் மாதிரி நின்றது அதனால்தான். அழுதால் உண்மை வந்துவிடும் என்று பயம்.

போன் அடிக்கிறது. அடிக்கட்டும்.

அண்ணி


பிப்ரவரி 24

அண்ணி,

உங்கள் கடிதத்தை வாடிக்கையாளர் முன்னால் பிரித்தது தப்பு. ஒரு பெரியவருக்கு அவர் கண்ணாடியை மாட்டிவிடுவதற்குப் பதிலாக, என் கண்ணாடியைக் கழற்றி மாட்டிவிட்டேன். அவர், "எல்லாம் மங்கலா தெரியுதே" என்றார். எனக்கும்தான்.

வலது சாக்ஸும் முடிந்தது. இரண்டையும் இதோடு அனுப்பியிருக்கிறேன். விரல் வீங்கினால் அது அவன் செய்த தப்புக்குத் தண்டனை ஆகாது, அதனால் பின்னினேன். ஆனால் சும்மா விடவும் மனசில்லை. பச்சை நூலில் ஒரு சின்ன உருண்டை மிச்சம் இருந்தது. அதை வைத்து உள்ளங்கால் பக்கம் எழுத்து இழைத்திருக்கிறேன். இடது காலில் "வெந்நீர்", வலது காலில் "வேண்டாம்". கால் மாற்றிப் போட்டாலும் "வேண்டாம் வெந்நீர்" என்றுதான் வரும். தப்பிக்க முடியாது. கிடங்கில் பூட்ஸ் மாட்டுமுன் எல்லோரும் பெஞ்சில் காலை நீட்டுவார்கள் என்று அவன் முன்பு சொல்லியிருக்கிறான். நீட்டட்டும்.

அவன் விஷயம் அவ்வளவுதான். நம் விஷயத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நாலு தாள் கிழித்துவிட்டேன், இது ஐந்தாவது.

அன்றைக்கு நான் கத்தியதில் ஒன்று எனக்கு மறக்கவே இல்லை. "இந்த வீட்டுல நீங்க எதைத்தான் உருப்படியா செஞ்சிருக்கீங்க?" என்று கேட்டேன். மேல்வீட்டுக்காரர் காதில் விழும்படி கேட்டேன். யார் செய்த தப்புக்கோ நீங்கள் நின்று அதை வாங்கிக்கொண்டீர்கள். எனக்கு வீடு இல்லாமல் போய்விடக் கூடாது என்பதற்காக வாங்கிக்கொண்டீர்கள். நான் அதையே காரணம் காட்டி வராமல் இருந்தேன்.

இப்போது எந்த முகத்தோடு வருவது? பஸ் நிலையம் வரை ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். பஸ்ஸும் நின்றது. வாசலில் வந்து நின்று முதல் வார்த்தை என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன், பஸ் போய்விட்டது. எழுதினால் அடித்துத் திருத்தலாம், வாயில் வந்தால் திருத்த முடியாது. அது என் பழைய வியாதி, உங்களுக்குத் தெரியும்.

நான் வராமல் இருப்பதுதான் நல்லது என்று தோன்றுகிறது. உங்கள் செருப்பைத் துடைத்துப் பாலிஷ் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் பார்சலில் அனுப்புகிறேன். என்னுடையதை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்.

மன்னித்துவிடுங்கள் அண்ணி.

பட்டாசு


மார்ச் 3, செவ்வாய்

அடி பட்டாசு,

செருப்பு பார்சல் வந்தால் வாங்க மாட்டேன், திருப்பி அனுப்பிவிடுவேன். போஸ்ட் ஆபீஸ் அம்மாளிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.

சாக்ஸ் வந்தது. உன் அண்ணன் போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடந்தார். அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் சொல்லவில்லை. மறுநாள் பெஞ்சில் காலை நீட்டியிருக்கிறார். எதிரே இருந்தவர் சத்தம் போட்டுப் படித்திருக்கிறார். இப்போது கிடங்கில் அவருக்கு "வெந்நீர்" என்றே பெயர். "வெந்நீர், அந்தப் பெட்டியை இந்தப் பக்கம் தள்ளு" என்கிறார்களாம். ஆனால் விரல் வீக்கம் வடிந்துவிட்டது, அரிப்பும் இல்லை. உனக்குக் கடிதம் எழுதுகிறேன் என்று நாலு நாளாக உட்காருகிறார். "அன்புள்ள" வரை வந்திருக்கிறது. "நீயே எழுதிக் கொடேன்" என்றார். உங்களுக்காக ஒருமுறை பேசினதே போதும் என்றேன்.

இப்போது என் குட்டை நானே உடைக்கிறேன். சிரிக்காதே.

நான் சாக்ஸ் பின்னுகிறேன். உனக்கு.

நூல் அனுப்பின அன்றே ஆரம்பித்தேன். உங்கள் குடும்பத்தில் எல்லார் காலுக்கும் நீ பின்னியிருக்கிறாய். உன் காலுக்கு யாராவது ஒரு கண்ணி போட்டிருக்கிறார்களா? உன் அண்ணனிடம் உன் கால் சைஸ் கேட்டேன். "காலா? ரெண்டு இருக்கும்" என்றார். அதனால்தான் உன் செருப்பை ராட்டைக்குக் கீழேயே வைத்திருந்தேன். உள்ளே ஸ்கேலை விட்டு அளந்து, பெருவிரல் பதிந்த பள்ளத்தைப் பார்த்து அளவெடுத்தேன். அதைத் தபாலில் அனுப்பாததற்கு ஊர் என்ன நினைக்கும் என்று சொன்னதெல்லாம் சாக்கு.

நூல் மட்டும் என்னுடைய மிகச் சிறந்த நூல். பின்னல் என்னுடைய மிக மோசமான பின்னல். நாலு ஊசியைப் பிடித்தால் எனக்கு எட்டுக் கை வேண்டியிருக்கிறது. கணுக்கால்வரை இறங்க ஏழு வாரம். கண்ணி எண்ணிக்கொண்டே போன் எடுத்ததில், "முப்பத்தெட்டாம் நம்பர் வீடு" என்று சொல்லி மூன்று டிரைவர்களைத் தப்பான வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அது நான் எண்ணிக்கொண்டிருந்த கண்ணி. சிக்கெடுக்கும் டிரைவர்தான் எனக்காக முதலாளியிடம் பேசினார்.

இப்போது குதிகாலில் வந்து மாட்டிக்கொண்டேன். மூன்று தரம் திருப்பினேன், மூன்று தரமும் முழங்கை மாதிரி வருகிறது. நாலாவது தரம் பிரித்தால் நூல் நைந்துவிடும். ஊசியோடு அப்படியே வைத்திருக்கிறேன். இதை உன்னைத் தவிர வேறு யாராலும் திருப்ப முடியாது. தபாலில் அனுப்பினால் ஊசி நழுவி எல்லாம் பிரிந்துவிடும்.

வாசலில் முதல் வார்த்தை என்ன சொல்வது என்றுதானே யோசிக்கிறாய்? "என்ன அண்ணி இது, குதிகாலா முழங்கையா?" என்று கேள். நான் வெட்கப்பட்டுக்கொள்கிறேன். சரியாகிவிடும்.

சனிக்கிழமை எனக்கு லீவு. உன் வரவுக்காகவே வாங்கின லீவு. வராவிட்டால், நானே பிரித்து நாலாவது தரம் முயற்சி செய்யப்போகிறேன்.

அண்ணி


மார்ச் 5, வியாழன்

அண்ணி,

ஊசியைக் கீழே வையுங்கள். குதிகாலைத் தொடாதீர்கள்.

உங்கள் கடிதத்தைக் கடை மாடிப்படியில் உட்கார்ந்து மூன்று முறை படித்தேன். என் காலை ஒருவர் அளவெடுத்தது எனக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை. அழுகை வந்துவிட்டது. முதலாளி இறங்கிவந்து, "மறுபடியும் கால்ல அடியா?" என்றார்.

ஒரு கணக்கு. அண்ணனுக்கு ஒரு ஜோடி, எனக்கு அரை சாக்ஸ். நம் வீட்டில் இப்போது இருப்பது ஒன்றேகால் ஜோடி. சனிக்கிழமை காலை பத்து மணி பஸ்ஸில் வருகிறேன். குதிகாலை நான் திருப்புகிறேன், மிச்சத்தை நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து பின்ன வேண்டும். அடுத்த காலுக்கு அடுத்த மாதம் வருகிறேன். அதை எவ்வளவு மெதுவாகப் பின்ன முடியுமோ அவ்வளவு மெதுவாகப் பின்னுங்கள்.

உங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் வருகிறேன். வாத்து நடையில் வருபவள் நானே. அண்ணனிடம் வெந்நீர் வைக்கச் சொல்லுங்கள். டீக்கு மட்டும்.

மேல்வீட்டுக்காரரிடமும் சொல்லிவிடுங்கள். வாசல்படியை மிதிக்கப்போவதால், சொன்ன சொல் தவறாமல், பெயரை மாற்றிக்கொண்டேன்.

இப்படிக்கு,
நமத்துப்போன பட்டாசு